37 விநாடியும் ஒரு படிவமும்

இறுதியாண்டு மாணவர்களுக்குத் துறையில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களுக்கு அனுப்புவதற்காம். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் முடிந்த பிறகு ஐந்து கட்டங்கள். மேலே தலைப்பு: 'முதுகலைக் காலத்தில் உங்கள் தொழில் மைல்கற்கள்'.

நான் படிப்பது பல்லூடக இதழியல். எழுதுவது, படம் பிடிப்பது, குரல் பதிவு, எடிட்டிங், வரைபடம் போடுவது எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்யப் பழக்கும் படிப்பு. (சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்குத்தான் என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.)

நான்கு கட்டங்களை நிரப்பிவிட்டேன். ஒரு நாளிதழில் ஒரு மாதப் பயிற்சி. கல்லூரி இதழுக்கு எடுத்த புகைப்படக் கட்டுரை. ஒரு பயிலரங்கு. முதுகலைத் திட்டப்பணியாக எடுத்த 14 நிமிட ஆவணப்படம். ஐந்தாவது கட்டத்துக்கு என்னிடம் ஒரு சரக்கு இருக்கிறது. வகுப்பில் வேறு யாரிடமும் இல்லாத சரக்கு. 'அதை ஏன்டா இன்னும் எழுதலை? உன்னோட பெரிய சாதனையே அதுதானே' என்கிறார்கள் நண்பர்கள். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

எனக்கு ஊர் திருச்செங்கோடு. வெளியூர்க்காரர்களுக்கு மலையும் அர்த்தநாரீஸ்வரரும் தெரியும். இன்னொன்றும் தெரிந்திருக்கும், ஆனால் எங்கள் ஊர் என்று தெரியாமல் தெரிந்திருக்கும். போர் வண்டி. ரிக் என்று சொல்வோம். மத்தியப் பிரதேசத்திலோ கர்நாடகத்திலோ ஏதோ ஒரு வறண்ட காட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியின் கதவைப் பாருங்கள். 'திருச்செங்கோடு' என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது ரிக் தொழிலில் இருப்பார். ஓனராக, மேனேஜராக, டிரில்லராக, டிரைவராக, ராடு தூக்குபவராக. என் மாமா டிரில்லர்.

2019 அக்டோபர் 25. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் குழிக்குள் விழுந்துவிட்டது. 29-ஆம் தேதி அதிகாலையில் உயிரற்ற உடலைத்தான் எடுத்தார்கள். இடையில் எண்பது மணி நேரத்துக்கு மேல் தொலைக்காட்சிகள் நேரலை காட்டின. தமிழ்நாடு முழுக்கத் தூங்கவில்லை. தீபாவளியே அந்த ஆண்டு அந்த நேரலைக்கு நடுவில்தான் வந்து போனது. குழந்தையை மீட்கப் பக்கத்தில் இன்னொரு குழி தோண்டினார்கள். பாறை உடையவில்லை. அதைப் பார்த்து எங்கள் தெருவே தவித்தது. பாறை என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாம் நாள் மாமா எழுந்து டிவியை அணைத்தார். 'அந்தக் குழி எதுக்குத் தொறந்து கெடந்துச்சுன்னு ஒருத்தனாச்சும் கேட்டானாடா?' என்றார்.

பிறகு அவரே சொன்னார். தண்ணீர் வராத குழி விவசாயிக்குச் செத்த பணம். அதில் இறக்கிய கேசிங் பைப்பையாவது பிடுங்கி அடுத்த குழிக்குப் போட்டால் கொஞ்சம் மிச்சம். பைப்பைப் பிடுங்கியபின் வாயை மூட இன்னும் செலவு. யார் செய்வது? சாக்கைப் போட்டு மூடுவார்கள், ஒரு கல்லை வைப்பார்கள், மழையில் மண் இறங்கும். கைவிட்ட குழியை மேல்வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும், வேலை நடக்கும் இடத்தில் வேலி கட்டிப் பலகை வைக்க வேண்டும் என்றெல்லாம் உச்ச நீதிமன்றம் 2010-லேயே விதிமுறை வகுத்திருந்தது என்பதை நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். எண்பது மணி நேர நேரலையில் குழியின் வாய் மட்டும் தெரிந்தது. அது ஏன் திறந்து கிடந்தது என்பதை மாமா ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். இதழியல் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

அதனால் திட்டப்பணிக்குத் தலைப்பு கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. ரிக் தொழிலாளர்கள். வெளி மாநிலத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த ஓர் அண்ணன் கிடைத்தார். முன்பணம் வாங்கிக்கொண்டு போவது, லாரிக்கு அடியில் படுப்பது, கம்ப்ரஸர் சத்தத்தில் காது மந்தமானது, கல்மாவு நெஞ்சில் இறங்குவது எல்லாம் சொன்னார். நான்கு நாள் அவர் வீட்டுக்குப் போய் வந்தேன். அவர் அம்மா தினமும் காப்பி போட்டுக் கொடுத்தார். ஏழு மணி நேரப் பதிவு. அதை 14 நிமிடமாக்கினேன். துறையில் நல்ல பெயர்.

வந்த வினை அதற்குப் பிறகு. 'பதினாலு நிமிஷம் யார் பார்ப்பாங்க? ரீல்ஸ் ஒண்ணு வெட்டிப் போடு' என்றார்கள். எனக்கும் ஆசைதான். மறைக்கவில்லை. வெட்டினேன். 37 விநாடி. அவர் கேமராவைப் பார்த்துச் சொல்கிறார்: 'ஓனருக்கு நாங்களும் ராடும் ஒண்ணுதானுங்க. தேஞ்சா வேற மாத்திக்குவாங்க.' கீழே கொட்டை எழுத்தில் அதே வரி. பின்னணியில் கம்ப்ரஸர் இரைச்சல். முடிகிற இடத்தில் சட்டென்று மௌனம். (எடிட்டிங்கில் நான் பெருமைப்பட்ட இடம் அந்த மௌனம்.)

மூன்று நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு மணி நேரமும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவரிடமிருந்து போன். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி அது ஓனர் கைக்கே போய்விட்டது. அடுத்த வண்டி கிளம்பியபோது இவரைக் கூப்பிடவில்லை.

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. 'தம்பி, நீ போட்டது ஒண்ணும் பொய்யில்ல. ஆனா நாஞ் சொன்னது அது இல்ல' என்றார்.

பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். அந்த வரிக்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. தொடர்ந்து பேசியிருக்கிறார். தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தது அதே ஓனர்தான் என்கிறார். அந்த ஓனரே ஒரு காலத்தில் ராடு தூக்கியவர்தான், வண்டி மேல் இருக்கும் கடனும் டீசல் விலையும் அவரையும் தேய்க்கிறது என்கிறார். 'ஆரைக் குத்தஞ் சொல்றதுன்னு தெரியலீங்க' என்று முடிக்கிறார். 14 நிமிடப் படத்தில் இது இருக்கிறது. 37 விநாடியில் இல்லை. அந்த மௌனத்தை நான் வைத்த இடத்தில்தான் அவர் பேச ஆரம்பித்திருந்தார்.

வெட்டிய துண்டு என்ன செய்யும் என்று வேறு எந்த ஊர்க்காரனுக்குத் தெரியாவிட்டாலும் திருச்செங்கோட்டுக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010-ல் வந்தது. நான்கு ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை. 2014 டிசம்பரில் அதன் சில பக்கங்கள் மட்டும் நகல் எடுக்கப்பட்டு ஊரில் சுற்றின. முழு நாவலையும் படிக்காதவர்கள் கைக்கு அந்தத் தாள்கள்தான் போயின. கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் திரும்ப எழுத வந்தார். நாவலைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, துண்டை முழுசு என்று நம்பியதன் விலையை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பத்து வருடம் கழித்து அதே வேலையை நானே செய்தேன். ஜெராக்ஸுக்குப் பதில் மொபைல். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி என் கருத்து. எங்கள் படிப்பில் எதை மைல்கல் என்று எண்ணுகிறோமோ அதில்தான் கோளாறு இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த நிறுவனத்தில் பயிற்சி, என்ன பரிசு, என்ன கேமரா. இவையெல்லாம் எங்களைப் பற்றிய கணக்கு. படத்தில் இருப்பவருக்கு அதன் பிறகு என்ன ஆனது என்று கேட்கும் கட்டம் ஒன்றுகூட அந்தப் படிவத்தில் இல்லை.

பல்லூடக வகுப்பில் முதலில் காட்டுவது பெரும்பாலும் நியூயார்க் டைம்ஸின் 'ஸ்னோ ஃபால்'. 2012 டிசம்பரில் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் பனிச்சரிவில் சிக்கிய பனிச்சறுக்கு வீரர்களின் கதை. உருட்ட உருட்ட மலை அசையும், காற்று வீசும், குரல் கேட்கும். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம். எப்படி இந்த அசைவைச் செய்தார்கள் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஆனால் அதை எழுதிய ஜான் பிராஞ்சுக்கு 2013-ல் புலிட்சர் கிடைத்தது கட்டுரை எழுத்துக்காக. அவர் மாதக்கணக்கில் உயிர் தப்பியவர்களையும் இறந்தவர்களின் குடும்பத்தாரையும் தேடித் தேடிப் பேசியிருக்கிறார். அந்த உழைப்பின் மேல்தான் அந்த அசைவெல்லாம் நிற்கிறது. நாங்கள் கூரையைப் பார்த்து அளவெடுத்தோம், அஸ்திவாரத்தை விட்டுவிட்டோம்.

நம் நாட்டிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 'கபர் லஹரியா' உத்தரப் பிரதேசத்தின் பண்டேல்கண்ட் பகுதியில் 2002-ல் கிராமத்துப் பெண்கள் தொடங்கிய பத்திரிகை. பிறகு அச்சை விட்டு மொபைல் கேமராவைக் கையில் எடுத்தார்கள். அவர்களைப் பற்றி எடுத்த 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022 ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. உலகமே கைதட்டியது. விழாவுக்குச் சில நாள் முன்பு அந்தப் பெண்களே ஓர் அறிக்கை விட்டார்கள். படம் எங்கள் வேலையின் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது, முழுதாக எங்களைக் காட்டவில்லை என்பது அதன் சாரம். இயக்குநர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: கேமரா என்றால் என்ன, வெட்டு என்றால் என்ன என்று தெரிந்த செய்தியாளர்களுக்கே இந்த வருத்தம் வருகிறது. போர் வண்டியில் ராடு தூக்குகிறவருக்கு வராதா? அவர் எந்த அறிக்கையை எங்கே விடுவார்?

சரி, வேறு வழியில் செய்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் 'பாரி' என்ற இணையதளத்தைத் தொடங்கினார். கிராமத்து வாழ்க்கையைப் படம், காணொளி, குரல், எழுத்து எல்லாவற்றிலும் சேர்த்து வைக்கும் காப்பகம் அது. ஆங்கிலத்தோடு நிற்காமல் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வருகிறது. பல்லூடகம் என்று நாங்கள் கம்பீரமாகச் சொல்வதை அவர்கள் பருத்திக் காட்டிலும் உப்பளத்திலும் செய்கிறார்கள். அதில் வேலை செய்யும் மதுரைக்காரர் எம். பழனி குமார். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழித் தொழிலாளர்களையும் மீனவப் பெண்களையும் தொடர்ந்து படமெடுப்பவர். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. விருதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு. அவர் அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அந்த அம்மாவையே வருடக்கணக்கில் படமெடுத்து எழுதியிருக்கிறார். உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுத் தருகிறார். படமெடுத்த பிறகும் அந்த வாசலுக்குத் திரும்பிப் போகிறவர் அவர்.

'அப்படியானால் யாரைப் பற்றி எடுக்கிறோமோ அவரிடமே காட்டி ஒப்புதல் வாங்கித்தான் போட வேண்டுமா? அது இதழியலா, கல்யாண வீடியோவா?' என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. மந்திரியிடமோ மணல் காண்டிராக்டரிடமோ காட்டிவிட்டுப் போடு என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குப் பதில் சொல்ல ஆளும் உண்டு, மேடையும் உண்டு, வக்கீலும் உண்டு. ஒன்றுமில்லாத ஒருவர் நம்மை நம்பித் திண்ணையில் உட்கார வைத்துப் பேசினால், நாம் வெட்டியது அவர் சொன்னதுதானா என்று அவரிடம் சரிபார்ப்பது தலையாட்டுவதாகாது. அது சரிபார்ப்புதான். கேமரா முன்னால் பேசியது எங்கே போகும், யார் கைக்கு வரும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்த நாம் சொல்லவில்லை என்றால் தவறு நம்முடையது.

நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அந்த 37 விநாடியை நீக்கினேன். அதற்குள் எத்தனையோ பேர் இறக்கி வைத்துக்கொண்டார்கள். அது இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அவர் சம்மதத்தோடு ஓனரிடம் போய் முழுப் படத்தையும் காட்டினேன். பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த அண்ணன் வேறொரு வண்டியில் சேர்ந்தார். அந்த இரண்டு மாதம் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

இன்னொரு நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முதல் முறையாக அந்தப் படத்தைப் படத்தில் இருப்பவர்கள் பார்த்தார்கள். அவர், அவர் மனைவி, அம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு. காது மந்தமானதைப் பற்றிய இடம் வந்தபோது எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். 'அது கெடக்கட்டும் தம்பி, அதுதான் எல்லாத்துக்கும் தெரியோணும்' என்றார். ஓனரைப் பற்றியதையும் முழுதாக இருக்கிறபடி இருக்கட்டும் என்றார். படம் முடிந்த பிறகு அவர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். 'கண்ணு, நான் காப்பி கொண்டாந்து தர்ற எடத்துல மூக்குத்தி இல்லாம இருக்கறன். அது அப்ப அடகுக் கடையில இருந்துச்சு. அதை மட்டும் எடுத்துரு சாமி' என்றார்.

ஏழு மணி நேரப் பதிவை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தவன் நான். வெளிச்சம், ஒலி, அசைவு எல்லாம் பார்த்தேன். அந்த மூக்கைப் பார்க்கவில்லை. அந்தக் காட்சி போனதால் படம் ஆறு விநாடி குறைந்தது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

படிவத்துக்கு வருகிறேன். மைல்கல் என்றதும் எனக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துப் புதுப்பாளையம் காந்தி ஆசிரமம்தான் ஞாபகம் வருகிறது. ராஜாஜி 1925-ல் தொடங்கியது. 1929-ல் அங்கிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்கு உதவியாக வந்து தங்கியவர் கல்கி. ஒத்துழையாமை இயக்கத்தில் பள்ளிப் படிப்பை விட்டவர். சிறைக்குப் போனவர். திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் துணை ஆசிரியராக வேலை பழகியவர். முப்பது வயதில் சென்னையை விட்டு ஒரு கிராமத்துக்கு வந்து சிறு பத்திரிகைக்கு எழுதினார். அது நீண்ட நாள் நடக்கவும் இல்லை. இன்றைய படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்? பட்டம் கிடையாது, பிரதி எண்ணிக்கை கிடையாது. விகடன், 1941-ல் 'கல்கி' என்று பின்னால் வந்தவைதான் எல்லோரும் சொல்லும் மைல்கற்கள். ஆனால் யாருக்காக எழுதினாரோ அந்த மக்களுக்கு நடுவிலேயே குடியிருந்து எழுதிய காலம் அது. எழுதியது சரியில்லை என்றால் வாசலில் வந்து சொல்லும் தூரத்தில் அவர்கள் இருந்தார்கள். 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கு முதலில் வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். அதற்குப் பல காரணங்கள் உண்டு, ஒரு பத்திரிகை கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தூரம் எனக்குப் பிடித்திருக்கிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

துறைக்கு என் யோசனை ஒன்றுதான். இன்னும் பத்து மதிப்பெண்ணைத் தனியாக வையுங்கள். திட்டப்பணி முடிந்து, படத்தில் இருப்பவரிடம் திரும்பப் போய்க் காட்டிவிட்டு வந்தாயா, அவர் என்ன சொன்னார், எதை மாற்றினாய், எதை மாற்ற மறுத்தாய், ஏன்? இதை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கேமரா வாங்கக் கடன் வாங்குகிறோம், இதற்குப் பேருந்துக் கட்டணம்தான் செலவு. திருச்செங்கோட்டுக்குப் பேருந்துக்குக் குறைச்சலே இல்லை.

ஐந்தாவது கட்டத்தில் 'இரண்டு லட்சம் பார்வைகள்' என்று நான் எழுதவில்லை. 'வெளியிட்ட ஒரு காணொளியை நீக்கினேன். படத்தில் இருப்பவர்களுக்குக் காட்டித் திருத்தினேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கிய ஆசிரியர் இரண்டு முறை படித்துப் பார்த்து, 'இதைப் பார்த்து வேலை கொடுப்பாங்களாப்பா?' என்றார். கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும் சார் என்றேன். வாய் அப்படிச் சொன்னாலும் உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது. கல்விக்கடன் தவணை அடுத்த வருடம் ஆரம்பம்.